மருத்துவர் யாருடைய ஆள்? டி.கே.ஓ. குழுமத்துக்கு ஒரு திறந்த மடல்

மல்யுத்தக் காட்சிகள் நடத்தும் டபிள்யூ.டபிள்யூ.இ., கூண்டுக்குள் கலப்புத் தற்காப்புப் போட்டிகள் நடத்தும் யு.எஃப்.சி. இரண்டையும் கையில் வைத்திருக்கும் டி.கே.ஓ. குழுமத்தின் நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு,

வணக்கம்.

2023 நவம்பர் 25 அன்று, சிகாகோவை ஒட்டிய ரோஸ்மாண்டில் மல்யுத்த வீரர் சி.எம். பங்க் டபிள்யூ.டபிள்யூ.இ.க்குத் திரும்பி வந்தபோது அரங்கம் எழுப்பிய சத்தத்தைக் கேட்டவர்கள், பழைய பகை தீர்ந்துவிட்டது என்றே நினைத்தார்கள். 2025 ஏப்ரலில் லாஸ் வேகஸில் நடந்த, உங்கள் வருடாந்திரப் பெருவிழாவான ரெஸில்மேனியாவின் முதல் இரவில், கடைசிப் போட்டியில் நிற்கும் இடமும் அவருக்குக் கிடைத்தது. அவருடைய நெடுநாள் ஆசை அது. நிறைவேறியதில் எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் 2014-இல் அவர் ஊரறியச் சொன்ன குறைகளில் எது தீர்ந்திருக்கிறது? ஆசை நிறைவேறியதோடு குறையும் ஒழிந்தது என்று நீங்கள் கணக்கை முடித்துவிட்டதுபோலத் தெரிவதால்தான் சென்னையிலிருந்து இதை எழுதுகிறேன். உங்கள் டபிள்யூ.டபிள்யூ.இ. வீரர்களின் உயரம், எடை, மார்பளவு எல்லாவற்றையும் டிரம்ப் கார்டு வைத்தே மனப்பாடம் செய்து வளர்ந்த தலைமுறை எங்களுடையது. அவர்கள் உடம்பைப் பற்றிக் கேட்க எங்களுக்கும் கொஞ்சம் உரிமை இருக்கிறது.

நடந்ததை நினைவுபடுத்திவிடுகிறேன். 2014 ஜனவரி 26, பிட்ஸ்பர்க்கில், வீரர்கள் ஒருவர்பின் ஒருவராக ரிங்குக்குள் வந்து மோதும் ராயல் ரம்பிள் போட்டி. முதல் ஆளாக ரிங்குக்குள் நுழைந்த பங்க் 49 நிமிடங்கள் தாக்குப்பிடித்தார். மறுநாள் கிளீவ்லாந்தில் ‘ரா’ என்ற வாராந்திரத் தொலைக்காட்சி நிகழ்ச்சி தொடங்கும் முன்பே வேலையை உதறிவிட்டுப் போய்விட்டார். 434 நாள் தொடர்ந்து சாம்பியனாக இருந்த ஒருவர் ஏன் இப்படிப் போனார் என்று மாதக்கணக்கில் யாருக்கும் தெரியவில்லை. ஜூன் 13 அன்று வேலைநீக்கக் கடிதம் அவர் கைக்கு வந்தது. அன்று அவருக்குக் கல்யாணம். நவம்பர் 27 அன்று, நண்பர் கோல்ட் கபானாவின் பாட்காஸ்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினார். கடிதம் கல்யாண நாளில் வந்தது தற்செயல் என்று சொல்லி, நிறுவனத்தின் அப்போதைய தலைவர் வின்ஸ் மெக்மேன் சில நாளில் இன்னொரு நிகழ்ச்சியில் மன்னிப்புக் கேட்டார். டிசம்பர் 6 அன்று யு.எஃப்.சி. பங்கைத் தன் வீரராக அறிவித்தது. அப்போது அது வேறு முதலாளியின் நிறுவனம்.

பாட்காஸ்டில் அவர் அடுக்கிய குறைகளில் சில, பெரிய நட்சத்திரங்களுக்கே உரியவை. ரெஸில்மேனியாவின் கடைசிப் போட்டி தரவில்லை, பகுதிநேரமாக வந்துபோகிறவர்களுக்குப் பெரிய இடம் தந்தீர்கள் என்பன போன்றவை. அவற்றை நான் தூக்கிப்பிடிக்கவில்லை. யாரை எங்கே நிறுத்துவது என்பது நிகழ்ச்சி நடத்துகிறவர் எடுக்கும் முடிவு, அதில் யாருக்கும் முழுத் திருப்தி இருக்காது.

உடம்பைப் பற்றிச் சொன்னதை அப்படித் தள்ள முடியாது. முதுகின் அடிப்பகுதியில் ஒரு கட்டி மாதக்கணக்கில் இருந்ததாகவும், நிறுவனத்தின் மருத்துவரிடம் காட்டியும் அது அகற்றப்படவில்லை, ஆன்டிபயாடிக் மாத்திரைகளே கிடைத்தன என்றும் சொன்னார். விலா எலும்பு அடிபட்ட நிலையிலும் மோதியதாகச் சொன்னார். ராயல் ரம்பிளில் தலையில் அடிபட்டு மூளையதிர்ச்சி ஏற்பட்டது என்றார். வேலையை விட்டபின் வெளியில் ஒரு மருத்துவரிடம் போனபோது, அந்தக் கட்டி கடுமையான பாக்டீரியா தொற்று, இப்படியே விட்டிருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்று சொல்லப்பட்டதாகவும் சொன்னார்.

நிறுவனத்தின் மருத்துவர் இதை மறுத்தார். 2015-இல் பங்க் மீதும் கபானா மீதும் அவதூறு வழக்குப் போட்டார். 2018 ஜூன் 5 அன்று, சிகாகோவில் ஜூரி பங்க், கபானா இருவருக்கும் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. அவர்கள் பேசியது அவதூறு என்று நிரூபணமாகவில்லை என்பதே அந்தத் தீர்ப்பின் பொருள். மருத்துவர் தவறிழைத்தார் என்று அதிலிருந்து நானாக ஒரு முடிவுக்கு வர மாட்டேன். அவருடைய பெயரைக்கூட இங்கே இழுக்க விருப்பமில்லை. அந்த இடத்தில் எவ்வளவு நல்ல மருத்துவரை உட்காரவைத்தாலும் எழும் கேள்விதான் என்னுடையது. அவருக்குச் சம்பளம் தருவது யார்? ஒரு வீரர் இன்றிரவு மோதக் கூடாது என்று அவர் சொன்னால் நஷ்டப்படப்போவது யார்? இரண்டுக்கும் பதில் ஒன்றே என்றால், அந்த மருத்துவர் மனசாட்சி உள்ளவராக இருந்தாலும் வீரருக்கு அவர்மேல் முழு நம்பிக்கை எப்படி வரும்? அளக்கிற மரக்காலும் பண்ணையார் கையில், கணக்கெழுதும் ஏடும் பண்ணையார் கையில் என்றால், பண்ணையார் நல்லவரா கெட்டவரா என்று களத்துமேட்டில் நின்று விவாதிப்பதில் என்ன பயன்?

பங்க் அடுத்துப் போன இடத்தில் இந்த ஒரு விஷயம் வேறாக இருந்தது. 37 வயதில், அதுவரை ஒரு அமெச்சூர் போட்டியில்கூட மோதாமல், மில்வாக்கியில் டியூக் ரூஃபஸிடம் பயிற்சி எடுத்து, முதுகில் அறுவைச் சிகிச்சையும் முடித்து, 2016 செப்டம்பர் 10 அன்று அதே கிளீவ்லாந்தில் கூண்டுக்குள் இறங்கினார். எதிராளியான மிக்கி கால் என்பவர் 2 நிமிடம் 14 நொடியில் பின்னாலிருந்து கழுத்தை நெரித்து ஆட்டத்தை முடித்துவிட்டார். 2018 ஜூன் 9 அன்று, வழக்கில் ஜெயித்த நான்காம் நாள், அதே சிகாகோவில் மைக் ஜாக்சனிடம் மூன்று சுற்றும் அடிவாங்கிப் புள்ளிகளில் தோற்றார். ஜாக்சனின் மருந்துச் சோதனையால் அந்த முடிவு பிற்பாடு செல்லாததாகிவிட்டது. வருடக்கணக்கில் சின்னச் சின்ன அரங்குகளில் மோதி வாய்ப்புக்குக் காத்திருந்தவர்களைத் தாண்டிப் பங்க்குக்கு அந்த இடம் கிடைத்தது நியாயமில்லை என்று அப்போது பல வீரர்கள் சொன்னார்கள். அவர்கள் சொன்னது சரிதான். டிக்கெட் விற்கும் பெயர் என்பதால் கிடைத்த இடம் அது.

ஆனாலும் அந்தக் கூண்டைச் சுற்றி இருந்தவர்களைக் கவனியுங்கள். மோதலாமா கூடாதா என்று உரிமம் தருவது மாநிலத்தின் ஆணையம். நடுவர் அந்த ஆணையம் அமர்த்தியவர். கூண்டோரம் உட்கார்ந்திருக்கும் மருத்துவரும் அப்படியே. போதும் என்று அவர் சொல்லிவிட்டால் தொலைக்காட்சிக்கு எத்தனை கோடி நஷ்டமானாலும் போட்டி அங்கேயே நிற்கும். முடிந்தபின் அடிவாங்கியவருக்கு இத்தனை நாள் மோதக் கூடாது என்று மருத்துவத் தடை விதிப்பதும் ஆணையம்தான். எதிராளி நிஜமாகவே கழுத்தை நெரிக்க வருகிற இடத்தில் வீரருக்கு நிறுவனத்துக்கு வெளியே ஒரு மருத்துவர் இருக்கிறார். முடிவை முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டு மோதுகிற இடத்தில் இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு வரலாறு இருக்கிறது. 1989-இல் நியூ ஜெர்சி மாநில செனட்டில் மெக்மேனின் நிறுவனம் ஒன்றை ஒப்புக்கொண்டது. மல்யுத்தம் உண்மையான போட்டி இல்லை, மக்களை மகிழ்விக்கும் காட்சி மட்டுமே என்பது அந்த வாக்குமூலம். ஆணையத்தின் உரிமம், தொலைக்காட்சி வரி, போட்டிக்கு முந்தைய மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றிலிருந்து விலக்குப் பெறத்தான் அப்படிச் சொன்னார்கள். ‘எல்லாம் நடிப்பு என்று அவர்களே ஒப்புக்கொண்டுவிட்டார்கள்’ என்று ரசிகர்கள் இன்றுவரை அதைப் பேசுகிறோம். அந்த விலக்கோடு சேர்ந்து மருத்துவரும் வெளியே போனார் என்பதை யாரும் பேசுவதில்லை. பத்தடி உயர ஏணியிலிருந்து விழுகிறவருக்கு முடிவு முன்பே தெரியும் என்பதால் இடுப்பெலும்பு உறுதியாகிவிடுமா?

அதன்பின் நீங்கள் எதுவுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். உங்கள் வீரர் எடி கெரேரோ 2005 நவம்பரில் இறந்தபின், 2006-இல் உடல்நலத் திட்டமும் மருந்துச் சோதனையும் வந்தன. மூளையதிர்ச்சியைக் கண்டறியும் சோதனைகள் வந்தன. ரிங்கில் ஏற்படும் காயத்துக்கான அறுவைச் சிகிச்சைக்கு நிறுவனம் பணம் தருகிறது. 2016-இல் டேனியல் பிரையன் தன்னை மோதவிடும்படி மன்றாடியும், வெளி மருத்துவர்கள் சிலர் சரி என்று சொல்லியும், நிறுவனத்தின் மருத்துவர்கள் மறுத்து அவரை ஓய்வுபெற வைத்தார்கள். இரண்டு வருடம் கழித்தே அனுமதி தந்தார்கள். உங்கள் மருத்துவர்கள் கண்டிப்பானவர்களாகவும் இருக்க முடியும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் அந்தக் கண்டிப்பு நாளைக்கும் இருக்குமா என்பது நாளைய நிர்வாகத்தின் குணத்தைப் பொறுத்தது. ஆணையத்தின் மருத்துவருக்கு அந்தச் சிக்கல் இல்லை.

அடுத்தது, இவர்களையெல்லாம் நீங்கள் எந்தப் பெயரில் வைத்திருக்கிறீர்கள் என்பது. சட்டப்படி உங்கள் வீரர்கள் ஊழியர்கள் இல்லை, சுயேச்சையான ஒப்பந்தக்காரர்கள். அதாவது ஒரு கட்டடத்துக்கு வயரிங் செய்ய வந்து, வேலை முடிந்ததும் அடுத்த கட்டடத்துக்குப் போகும் எலக்ட்ரீஷியனுக்கு உரிய நிலை. நிஜத்தில் இவர்கள் எந்த ஊரில் என்று மோத வேண்டும், என்ன பெயரில் வர வேண்டும், என்ன உடுத்த வேண்டும், மைக்கில் என்ன பேச வேண்டும், ஜெயிக்க வேண்டுமா தோற்க வேண்டுமா என்பதெல்லாம் உங்கள் முடிவு. உங்கள் அனுமதி இல்லாமல் இன்னொரு நிறுவனத்தில் போய் மோத முடியாது. பிராக் லெஸ்னர் 2004-இல் விலகியபோது, 2010 வரை வேறெங்கும் மல்யுத்தமோ கலப்புத் தற்காப்புப் போட்டியோ கூடாது என்ற நிபந்தனை அவர் கழுத்தில் இருந்தது. நீதிமன்றம் போய், சமரசத்தில் முடிந்தபிறகே அவரால் நிம்மதியாக யு.எஃப்.சி.க்குப் போய் 2008-இல் சாம்பியனாக முடிந்தது. வேலையை விட்டுப் போன பிறகும் ஆறு வருடம் கட்டிவைக்கப்படுகிற ஒருவர் எந்த அகராதியில் சுயேச்சையானவர்?

இந்த ஒரு சொல்லால் அவர்கள் இழப்பது கொஞ்சம் இல்லை. அமெரிக்காவில் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் வேலையோடு வருவது. ஒப்பந்தக்காரருக்கு அது வராது, தானே வாங்கிக்கொள்ள வேண்டும். ரிங்கில் உடைந்த தோளுக்கு நீங்கள் பணம் தருவீர்கள். முதுகில் வளரும் கட்டிக்கும், பத்து வருடம் கழித்து வரும் மறதிக்கும் யார் தருவார்கள்? சமூகப் பாதுகாப்பு வரியில் முதலாளி கட்ட வேண்டிய பாதியையும் வீரரே கட்ட வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரியது, ஊழியர்களுக்கு உள்ள தொழிற்சங்க உரிமை ஒப்பந்தக்காரருக்கு இல்லை.

சங்கம் என்று வாய் திறந்தவர்களுக்கு என்ன நடந்தது என்பதும் பதிவில் இருக்கிறது. 1986-இல் இரண்டாம் ரெஸில்மேனியாவுக்கு முன் ஜெஸ்ஸி வென்ச்சுரா உடைமாற்றும் அறையில் சங்கம் பற்றிப் பேசினார். அது உடனே மெக்மேன் காதுக்குப் போனது. சொன்னவர் ஹல்க் ஹோகன் என்பது பல வருடம் கழித்து வேறொரு வழக்கின் வாக்குமூலத்தில்தான் வென்ச்சுராவுக்கே தெரியவந்தது. 2008-இல் ஸ்காட் லெவி உட்பட மூன்று முன்னாள் வீரர்கள், எங்களை ஒப்பந்தக்காரர்கள் என்று தவறாக வகைப்படுத்தினார்கள் என்று வழக்குப் போட்டார்கள். தள்ளுபடியானது. 2020 நவம்பரில், வீரர்கள் வெளித்தளங்களில் சம்பாதிப்பதற்கு நிறுவனம் கட்டுப்பாடு போட்ட வேளையில், சங்கம் அமைவதை ஆதரிக்கிறேன் என்று வீராங்கனை செலினா வேகா எழுதினார். அன்றே அவர் விடுவிக்கப்பட்ட செய்தியும் வந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா இல்லையா என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. உடைமாற்றும் அறையில் உட்கார்ந்து அந்தச் செய்தியைப் படித்த மற்றவர்கள் என்ன புரிந்துகொண்டிருப்பார்கள் என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.

பங்க் இதிலிருந்து தப்பித்துத்தான் கூண்டுக்குப் போனார் என்று அப்போது நாங்கள் நினைத்தோம். உடையில் விளம்பரதாரர் பெயர் போட்டுக்கொள்ள மல்யுத்தத்தில் தனக்கு அனுமதி மறுக்கப்பட்டது, லெஸ்னருக்கு மட்டும் கிடைத்தது என்பதும் அவர் சொன்ன குறைகளில் ஒன்று. யு.எஃப்.சி. வீரர்கள் அப்போது அப்படிச் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். 2015 ஜூலையில் ரீபாக் ஒப்பந்தம் வந்தது, எல்லாருக்கும் ஒரே சீருடை, சொந்த விளம்பரதாரருக்குத் தடை. பங்க் முதன்முதலாகக் கூண்டுக்குள் இறங்கும்போது, அவர் எதைப் பார்த்து ஏங்கினாரோ அது போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. இன்னொன்றும் உண்டு. யு.எஃப்.சி. அவரை அறிவித்துச் சரியாகப் பத்தாம் நாள், 2014 டிசம்பர் 16 அன்று, கங் லே, நேட் குவாரி, ஜான் ஃபிட்ச் ஆகிய வீரர்கள் அதே யு.எஃப்.சி. மீது வழக்குத் தொடுத்தார்கள். சந்தையைத் தன் பிடியில் வைத்துக்கொண்டு வீரர்களின் ஊதியத்தை நசுக்குகிறது என்பது குற்றச்சாட்டு. பத்து வருடம் இழுத்த அந்த வழக்கில் ஒரு சமரசத் தொகையை நீதிபதியே போதாது என்று 2024-இல் திருப்பி அனுப்பினார். கடைசியில் 37.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டீர்கள். வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக்கூட வீரர்கள் கைக்குப் போகவில்லை என்பதைக் காட்டும் கணக்குகள் அந்த வழக்கில்தான் வெளியே வந்தன.

2023 செப்டம்பர் 12 முதல் அந்தக் கூண்டும் இந்த ரிங்கும் உங்கள் கையில் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. இங்கே மனம் புண்பட்டால் அங்கே போகலாம் என்றிருந்த வழியும் இப்போது ஒரே வீட்டின் இரண்டு அறைகளுக்கு நடுவில்தான் இருக்கிறது. இரண்டு அறையிலும் இருப்பவர்கள் ஒப்பந்தக்காரர்களே.

பேசியதற்கு என்ன விலை என்பதையும் பாருங்கள். இரண்டு நண்பர்கள் ஒலிவாங்கி முன் பேசிய ஒரே உரையாடலுக்காக மூன்று வருடத்துக்கு மேல் நீதிமன்றப் படி ஏறினார்கள். ஜெயித்தபின் வழக்கறிஞர் கட்டணத்தை யார் தருவது என்பதில் அந்த இருவரும் ஒருவர்மீது ஒருவர் வழக்குப் போட்டு, நட்பும் முறிந்தது. ஜெயித்தவர்களுக்கே இந்தக் கதி.

பங்க்கிடம் புகழ் இருந்தது. வழக்கு நடத்தப் பணம் இருந்தது. கிளீவ்லாந்தில் தோற்றதற்கு அவருக்கு அறிவிக்கப்பட்ட தொகை 5 லட்சம் டாலர். அவரைத் தோற்கடித்த மிக்கி காலுக்கு, வெற்றி ஊக்கத்தொகையும் சேர்த்து, 30,000 டாலர். குறையைச் சொல்லிவிட்டுப் பிழைத்திருக்கவும், பத்து வருடம் கழித்து மாலை மரியாதையோடு திரும்பி வரவும் பங்க்கால் முடியும். ஆர்லாண்டோவில் உங்கள் பயிற்சிக் கூடத்தில் இன்று விழுந்து எழுந்துகொண்டிருக்கும் இருபது வயதுப் பெண்ணின் முதுகில் ஒரு கட்டி வந்தால், அவள் யாரிடம் சொல்வாள்? சொன்னால் தன் இடத்தில் வேறொருத்தி நிறுத்தப்படுவாள் என்ற பயம் அவளுக்கு இருக்காதா?

உங்களிடம் பணம் இல்லை என்று யாரும் நம்பமாட்டார்கள். ‘ரா’ நிகழ்ச்சிக்குப் பத்து வருடத்தில் 500 கோடி டாலருக்கு மேல் தர நெட்ஃபிளிக்ஸ் ஒப்புக்கொண்டிருக்கிறது. யு.எஃப்.சி.க்கு ஏழு வருடத்தில் 770 கோடி டாலர் தர பாரமவுன்ட் ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்த ஒப்பந்தங்களில் விற்கப்படுவது உங்கள் வீரர்களின் முதுகும் முழங்காலும் தலையும்தான்.

நான் கேட்பது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய ஒன்றில்லை. யு.எஃப்.சி. பக்கம் ஏற்கெனவே பழகிய முறையை டபிள்யூ.டபிள்யூ.இ. பக்கமும் கொண்டுவாருங்கள். போட்டிக்கு முன்னும் பின்னும் வீரரைப் பார்க்கும் மருத்துவரை நிறுவனத்துக்கு வெளியே உள்ள ஒரு அமைப்பு அமர்த்தட்டும். நிகழ்ச்சியை எழுதுகிறவர்களுக்கோ தயாரிப்பாளர்களுக்கோ அவர் பதில் சொல்லும் நிலை வேண்டாம். வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்கும் உரிமையையும், அதற்கான செலவு நிறுவனத்துடையது என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். இரண்டு நிறுவனத்திலும் முழுநேரமாக உங்களுக்கு மட்டுமே மோதுகிறவர்களை ஊழியர்களாக ஏற்றுக்கொள்ளுங்கள். அதற்கு மனம் வரும்வரை குடும்பத்துக்கும் சேர்த்து வருடம் முழுவதற்குமான மருத்துவக் காப்பீட்டையாவது கொடுங்கள். சங்கம் பற்றிப் பேசியதற்காக யாருடைய ஒப்பந்தமும் முறிக்கப்படாது என்று எழுத்தில் உறுதி தாருங்கள்.

உங்கள் குழுமம் பங்குச் சந்தையில் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை முதலீட்டாளர்கள் முன் உட்கார்ந்து, வருமானம் எவ்வளவு, அடுத்த நிகழ்ச்சி எந்த நாட்டில் என்றெல்லாம் விளக்குகிறீர்கள். அடுத்த முறை அந்தக் கூட்டத்தில் இரண்டு கேள்விகளுக்கும் சேர்த்துப் பதில் சொல்லுங்கள். உங்கள் இரண்டு நிறுவனங்களின் வீரர்களில் எத்தனை பேருக்கு மருத்துவக் காப்பீடு இருக்கிறது? டபிள்யூ.டபிள்யூ.இ. ரிங்கோரம் நிற்கும் மருத்துவர் ஒரு போட்டியை நிறுத்தச் சொன்னால், அதை மீற உங்கள் நிறுவனத்தில் யாருக்கு அதிகாரம் இருக்கிறது?

பதிலை எதிர்பார்த்து,
சென்னையிலிருந்து ஒரு ரசிகன்